இரண்டாம் விருப்பின் நெடும்பயணம்

நெடுந்தீவில் விழுந்த வாக்கு எண்ணப்பட வேண்டுமானால் அது முதலில் கடலைக் கடக்க வேண்டும். வாக்களிப்பு முடிந்ததும் முகவர்களின் கண்முன்னே பெட்டியின் வாயை மூடி முத்திரையிட்டு, பொலிஸ் காவலோடு வெளியே எடுப்பார்கள். பெரும்பாலும் படகில் குறிகாட்டுவான் இறங்குதுறை; பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி; கடைசியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. விமானப்படையின் ஹெலிகொப்டரில் பெட்டிகள் வந்த தேர்தல்களும் உண்டு. யாழ் மாவட்டத்தில் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு இலக்கமிட்டவர்கள் ஜே/1 என்று இந்தத் தீவிலிருந்துதான் தொடங்கினார்கள். ஆனால் நகரத்தில் எல்லோரும் கடைசியாகக் காத்திருப்பது இங்கிருந்து வரும் பெட்டிக்காக.

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த சீட்டு வெகு நீளமானது. 39 பெயர்கள். அவர்களில் ஒருவர் வேட்புமனுக் கொடுத்த பிறகு காலமாகிவிட்டார். பெயர் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சின்னம், சின்னத்துக்குப் பக்கத்தில் வெறும் கட்டம். அந்தக் கட்டத்தில் 1 என்று எழுதலாம், புள்ளடியும் இடலாம். 1 என்று எழுதியவர், விரும்பினால் இன்னொருவருக்கு நேரே 2 எழுதலாம், வேறொருவருக்கு 3 எழுதலாம். நான் இங்கே சொல்ல வந்தது அந்த 2 இன் கதையை. அது எங்கே பிறந்தது, எந்தெந்தச் சபைகளில் தோற்றது, எப்படி இந்தத் தீவின் சீட்டுக்கு வந்தது, வந்த பிறகு நாம் அதை என்ன செய்தோம் என்பதை.

அதன் வேலை எளிமையானது. எந்த வேட்பாளரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதலிரு இடங்களில் நிற்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை அதிகாரிகள் மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு நேரே 2 இருந்தால் அந்த வாக்கு அவரைச் சேரும். 2 நீக்கப்பட்ட ஒருவருக்குப் போயிருந்தால் 3 ஐப் பார்ப்பார்கள். தோற்கப்போகிறவருக்கு மனமார வாக்களித்த ஒருவர், ‘எனக்கு உகந்தவர் வராவிட்டால், மற்ற இருவரில் இவர் வரட்டும்’ என்று அதே சீட்டில் சொல்லிவிட முடியும். தமிழர்கள் ஜனாதிபதித் தேர்தலில் எப்போதும் நிற்கும் இடம் அதுதான். நமக்கு உகந்தவர் வெல்வதில்லை. மற்ற இருவரில் ஒருவரே நம்மை ஆள்கிறார். அப்படிப்பட்ட சனத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு கருவியை இலங்கையின் தேர்தல் சட்டத்தில் நான் காணவில்லை.

ஓர் ஆசனத்துக்கான போட்டியில் விருப்பங்களை வரிசையிடும் யோசனையை 1870 வாக்கில் உருவாக்கியவர் வில்லியம் ரொபேட் வெயார் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பொஸ்ரனில் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன்பே இங்கிலாந்தில் தோமஸ் ஹெயர் பல ஆசனத் தொகுதிகளுக்காக இதைப் போன்ற ஒன்றை எழுதியிருந்தார். வெயார் அதை ஒரே ஆசனத்துக்குச் சுருக்கினார். தாளில் இருந்ததைத் தேர்தல் சட்டமாக்கியது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. 1892 இல் அங்கே வந்த முறையில், முதலிருவரைத் தவிர எல்லோரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டு இரண்டாம் விருப்பைப் பார்த்தார்கள். இன்று இலங்கையில் இருப்பது கிட்டத்தட்ட அதே முறை. குயின்ஸ்லாந்து மக்களில் கணிசமானோர் 1 ஐ மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். 1942 இல் அங்கே அதைக் கைவிட்டார்கள்.

பிரித்தானியாவில் அந்த எண் வாசல்வரை வந்து வந்து திரும்பியது. தேர்தல் முறைகளை ஆராய அமைத்த அரச ஆணைக்குழு 1910 இல் விருப்புவரிசை முறையைப் பரிந்துரைத்தது, யாரும் செயற்படுத்தவில்லை. 1917, 1918 ஆண்டுகளில் கொமன்ஸ் சபை இந்த முறையைக் கேட்டது, பிரபுக்கள் சபை விகிதாசார முறையைக் கேட்டது. இரண்டு சபைகளும் இழுபறிப்பட்டு இரண்டு முறைகளும் கைநழுவின. 1931 இல் ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு மறுபடியும் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. கொமன்ஸ் சபையில் அது நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதை வெட்டிக் குறைத்தது. ஓகஸ்டில் நிதி நெருக்கடியில் அரசே கவிழ, சட்டமூலமும் அதோடு போயிற்று.

அந்த 1931 நமக்கும் முக்கியமான ஆண்டு. தன் மக்களுக்கு இரண்டாம் விருப்பைக் கொடுப்பதா என்று வெஸ்ட்மின்ஸ்டர் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அதே அரசின் கீழிருந்த இலங்கையில் எல்லோருக்கும் முதலாவது விருப்பே அப்போதுதான் கிடைத்தது. அதற்கு முன்னர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்குரிமை இருந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 21 வயது நிறைந்த ஆண்களும் பெண்களும் வாக்காளர்களானார்கள். இங்கிலாந்துப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928 இல்தான் வந்தது. மூன்றே ஆண்டுகளில் இலங்கையின் பெண்களுக்கும் அது உரித்தாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட நம் பெரிய மனிதர்கள் சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். படிப்பும் சொத்தும் இல்லாதவர் கையில் வாக்கு எதற்கு என்பது அவர்கள் கட்சி. அந்த இடத்தில் இராமநாதனுடைய கல்வித் தொண்டும் வாதத் திறமையும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நெடுந்தீவில் கல்வேலி கட்டியவரும் ஊர்காவற்றுறையில் வள்ளம் தள்ளியவரும் அவருக்குச் சமமான குடிமக்கள் என்பதை லண்டனிலிருந்து வந்த அந்த ஆணைக்குழுவின் நால்வர் சொல்ல வேண்டியிருந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

வாக்குரிமை கிடைத்ததும், அரசாங்க சபைக்கான முதல் தேர்தலில், நாம் செய்தது பகிஷ்கரிப்பு. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அறைகூவியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு எதுவும் வரவில்லை. நெடுந்தீவு ஊர்காவற்றுறைத் தொகுதிக்குள் அடக்கம். நாடெங்கும் பெண்கள் முதல் தடவையாக வாக்களித்த ஜூன் மாதத்தில் இங்கே பெட்டியே வைக்கப்படவில்லை. 1934 இல்தான் ஊர்காவற்றுறையின் வெற்றிடம் நிரப்பப்பட்டு நெவின்ஸ் செல்வத்துரை அரசாங்க சபைக்குப் போனார். 1936 இல் ஊர்காவற்றுறையிலிருந்து வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைச்சாமி சென்று, 1947 வரை சபாநாயகராகவும் இருந்தார். ஒரு தீவுப்பகுதி மனிதர் நாட்டின் சட்டசபைக்குத் தலைமை தாங்கியதைத் தீவார் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்காலத்தில் வாக்களித்த விதத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. எழுதத் தெரியாதவரும் தனக்குப் பிடித்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். ஒரே சீட்டை இரண்டு பெட்டிகளில் போட முடியாது. ஆகவே அந்த ஏற்பாட்டில் இரண்டாம் விருப்புக்கு இடமில்லை. பிறகு நிறங்கள் போய்ச் சின்னங்கள் வந்தன, எல்லோருக்கும் பொதுவான பெட்டி வந்தது, புள்ளடி வந்தது. எழுத்தறிவும் வெகுவாகக் கூடியது. ஆனாலும் 1977 வரை நம்மிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு பெயர்தான்.

2 ஐ இங்கே கொண்டுவந்தது ஜே. ஆர். ஜயவர்தனாவின் 1978 அரசியலமைப்பு. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி நிறைவேற்று ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதென்றால், அவருக்குப் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு வேண்டும். பிரான்சில் அதற்காக இரண்டு வாரங்கள் கழித்து மறுபடியும் வாக்கெடுக்கிறார்கள். இங்கே அந்த இரண்டாம் சுற்றையும் முதல் நாளே, அதே சீட்டில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். 1981 இன் ஜனாதிபதித் தேர்தல் சட்டம் அதற்கு விதிமுறை வகுத்தது. நெடுந்தீவைப் போன்ற இடத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. அதிகாரிகளும் பொலிசாரும் பெட்டிகளும் மறுபடியும் கடல் கடக்க வேண்டியதில்லை. ஜே. ஆரின் அரசியலமைப்பில் நான் எதிர்க்கும் பகுதிகளே அதிகம். இந்த ஒரு விதி நல்லது என்பதை மறுக்க மாட்டேன்.

நல்ல விதி வந்த காலம் கெட்ட காலம். சட்டம் நிறைவேறிய அதே 1981 இல்தான் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஜூன் 4 வாக்களிப்பு. அதற்குச் சில நாட்களுக்கு முன் நாச்சிமார் கோவிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து சீருடைக்காரர்கள் நகரை எரித்தார்கள். பொது நூலகம் எரிந்தது உலகறிந்த கதை. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் அச்சுக்கூடமும் எரிந்தது அந்தளவு பேசப்படுவதில்லை. வாக்களிப்பன்றும் முறைகேடு தொடர்ந்தது. பெட்டிகள் சில எண்ணும் இடத்துக்கு வந்து சேரவேயில்லை. ஒரே வாரத்தில் ஒரு சமூகத்தின் நூல்களும் பத்திரிகையும் வாக்குகளும் காணாமற் போயின. அந்த வாரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வாக்குச் சீட்டை யாரும் பழைய நம்பிக்கையோடு கையில் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1982 ஒக்டோபர் 20 ஆம் திகதி, 2 எழுதக்கூடிய சீட்டு முதல் தடவையாகத் தீவுக்கு வந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்றது. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டார். யாழ் மாவட்டத்தில் அவருக்கு 87,263 வாக்குகள், சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 77,300, ஜே. ஆருக்கு 44,780. வாக்கு மூன்றாகப் பிரிந்து கிடக்கும் இப்படிப்பட்ட இடத்துக்காகவே இந்த முறை உண்டாயிற்று. ஆனால் நாடளாவிய ரீதியில் ஜே. ஆர். நூற்றுக்கு 52.91 எடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தார் எழுதிய 2 ஐ யாரும் எடுத்துப் பார்க்கத் தேவை ஏற்படவில்லை. அதன் பின்னர் 2019 வரை நடந்த ஏழு தேர்தல்களிலும் அப்படித்தான் ஆயிற்று.

இடையில் ஒருமுறை அது மிக அருகில் வந்தது. 2005 இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்தோடு வென்றார். பாதிக்கு மேலே அவரிடம் இருந்தவை முப்பதாயிரத்துக்கும் குறைந்த வாக்குகள். யாழ் மாவட்டத்தில் அன்று ஏழு இலட்சம் பதிவு வாக்காளர்கள். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டினார்கள். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு அது, மறுக்க முடியாதபடி மக்கள் மேல் சுமத்தப்பட்டது. இன்னும் அறுபதாயிரம் பேர் வேறு எவருக்காவது வாக்களித்திருந்தால் மகிந்தவால் பாதியைத் தாண்டியிருக்க முடியாது. அதற்குப் பின் வந்த நான்கு ஆண்டுகளில் போரில் நடந்தவற்றை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு வாக்கைப் போட விடாமல் தடுத்தவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், அந்தத் தடையின் விலையை வாக்காளரே கொடுத்தார் என்று எழுதத் தயங்கக் கூடாது.

தீவுப்பகுதியில் முறைகேட்டுக்கு வேறொரு வடிவம் இருந்தது. 1994 நாடாளுமன்றத் தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கையில் இருந்தது. அங்கே வாக்களிப்பு நடக்கவில்லை. அரச படைகளின் கட்டுப்பாட்டிலிருந்த தீவுகளிலேதான் பெரும்பாலும் நடந்தது. விகிதாசார முறையில் யாழ் மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட பத்து ஆசனங்களில் ஒன்பதை, பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் (ஈ.பி.டி.பி.) சுயேச்சைக் குழு பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ ஆறு இலட்சம் வாக்காளர்களின் பிரதிநிதித்துவத்தைத் தீவாரின் சில ஆயிரம் சீட்டுகள் தீர்மானித்தன. எந்த முறையும் தன்னளவில் நீதியானது என்று நம்புகிறவர்கள் இந்தத் தேர்தலைப் படிக்க வேண்டும். முறைகேட்டோடு வன்முறையும் இருந்தது: 2001 நவம்பர் 28 ஆம் திகதி தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் பிரசாரத்துக்காகத் தீவுப்பகுதிக்கு வந்தபோது நாரந்தனையில் தாக்கப்பட்டார்கள். இருவர் இறந்தார்கள்.

இவற்றையெல்லாம் வெளியுலகுக்குச் சொன்னவர்கள் பத்திரிகையாளர்கள். மயில்வாகனம் நிமலராஜன் பி.பி.சி.க்கும் ‘வீரகேசரி’க்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர். 2000 ஒக்டோபர் 10 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்து மோசடிகளையும் மிரட்டல்களையும் செய்தியாக்கினார். ஒன்பது நாள் கழித்து, ஊரடங்கு நேரத்தில், வீட்டுக்குள் இருந்து எழுதிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசப்பட்டுப் பெற்றோர் காயமடைந்தார்கள். 2006 மே 2 ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்திய மாலையில், ‘உதயன்’ பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைக் கொன்றார்கள். நிமலராஜன் கொலைக்கு இலங்கையில் இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிசார் நோதம்ரன்ஷயரில் ஒருவரை இந்தக் கொலை தொடர்பாகக் கைதுசெய்து, விசாரணை தொடரும் என்று விடுவித்தார்கள். யாழ்ப்பாணத்து வாக்கு மோசடியை எழுதியவரின் கொலை விசாரணை இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ப்புறம் வரை போயிருக்கிறது.

போர் நெடுந்தீவாரையும் இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த ‘குமுதினி’ப் படகில் முப்பதுக்கு மேற்பட்டோரை நடுக்கடலில் வெட்டிக் கொன்ற பிறகு, தீவில் இருந்து பிள்ளைகளை வளர்க்கலாம் என்ற எண்ணம் பலருக்கு அற்றுப்போயிற்று. லண்டனில் குடியேறியவர்களுக்கு அங்கே ஓர் உரிமை காத்திருந்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிமகன் பிரித்தானியாவில் சட்டப்படி வசித்தால், இலங்கைக் கடவுச்சீட்டோடே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். 2000 இல் லண்டன் மேயரைத் தெரிவுசெய்யத் தொடங்கியபோது சீட்டில் இரண்டு நிரல்கள் இருந்தன: முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு. பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால் முதலிருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டில் இரண்டாவதைப் பார்ப்பார்கள். நெடுந்தீவில் பிறந்தவருக்குப் புதியதல்லாத முறை. ஊரில் எண்ணப்படாமலே கிடந்த இரண்டாம் விருப்பு, லண்டனில் ஒவ்வொரு மேயர் தேர்தலிலும் எண்ணப்பட்டது.

2010 பொதுத் தேர்தலில் அங்கே எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நூற்றுக்கு 23 வாக்கு வாங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 650 இல் 57 ஆசனங்களே கிடைத்தன. பழமைவாதக் கட்சியின் டேவிட் கமரூனோடு கூட்டரசில் சேர லிபரல் ஜனநாயகத் தலைவர் நிக் கிளெக் கேட்ட விலைகளில் ஒன்று, நாடாளுமன்றத் தேர்தலுக்கு விருப்புவரிசை முறை வேண்டுமா என்று மக்களிடம் கேட்பது. 2011 மே 5 ஆம் திகதி கேட்டார்கள். எதிர்த்தரப்பின் விளம்பரங்கள் மறக்க முடியாதவை. பிறந்த குழந்தையின் படத்தைப் போட்டு, இதற்குத் தேவை இருதய சிகிச்சை வசதி, புதிய வாக்கு முறை வேண்டாம் என்றார்கள். படைவீரனின் படத்தைப் போட்டு, இவருக்குத் தேவை குண்டு துளைக்காத சட்டை என்றார்கள். ஒரு காகிதத்தில் 2 என்று எழுதுவதற்கும் குழந்தையின் உயிருக்கும் முடிச்சுப் போட்ட அந்த விளம்பரங்கள் வெட்கக்கேடானவை. அதிகம் விற்கும் நாளிதழ்களில் பெரும்பாலானவையும் அந்தப் பக்கமே நின்றன. நூற்றுக்கு 68 பேர் வேண்டாம் என்றார்கள்.

இரண்டே மாதத்தில், ஜூலை 4 ஆம் திகதி, ‘கார்டியன்’ ஒரு செய்தி வெளியிட்டது. 2002 இல் காணாமற்போய்க் கொலையுண்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொலைபேசிக் குரலஞ்சலை, ரூபெர்ட் மேர்டொக்கின் ‘நியூஸ் ஒவ் த வேர்ல்ட்’ ஆட்கள் திருட்டுத்தனமாகக் கேட்டிருந்தார்கள் என்பது அது. நாடு கொதித்தது. 168 ஆண்டு வயதான அந்த ஞாயிறு இதழ் ஜூலை 10 ஆம் திகதியோடு மூடப்பட்டது. அதன் முன்னாள் ஆசிரியர் அன்டி கோல்சன்தான் அந்த ஆண்டு ஜனவரி வரை பிரதமர் கமரூனின் தகவல்தொடர்புப் பணிப்பாளராக இருந்தவர். 2014 இல் அவர் சிறைக்குப் போனார். பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவெசன் விசாரணையில் பிரதமர்களும் பத்திரிகை முதலாளிகளும் எவ்வளவு நெருக்கமாகப் பழகினார்கள் என்பது சத்தியவாக்குமூலமாகப் பதிவாயிற்று. பத்திரிகை எதிர்ப்பினால் மட்டும் அந்த வாக்கெடுப்பு தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கிளெக் அப்போது செல்வாக்கிழந்து நின்றார், அதுவும் காரணம். ஆனால் எந்த முறையில் வாக்களிக்க வேண்டும் என்று மக்களுக்குப் புத்தி சொன்ன இதழ்கள் சில, ஆட்சியாளரோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன என்பது சாதாரண விடயமன்று. யாழ்ப்பாணத்தில் வாக்கைப் பற்றி எழுதியவர்கள் உயிரைக் கொடுத்த காலத்துக்குச் சற்றுப் பிந்தியது அது.

பிறகு 2022 இன் தேர்தல் சட்டம் லண்டன் மேயர் தேர்தலிலிருந்தும் இரண்டாம் தெரிவை எடுத்துவிட்டது. 2024 மே 2 ஆம் திகதி லண்டன் வாசிகள் ஒரு புள்ளடி மட்டும் போட்டார்கள். அங்கேயுள்ள நெடுந்தீவாரின் கையிலிருந்து 2 போன ஐந்தாம் மாதத்தில், இங்கே ஊரிலிருந்த உறவுகளின் 2 முதல் தடவையாக எண்ணப்பட்டது.

செப்டெம்பர் 22 ஆம் திகதி முதற்கணக்கு முடிந்தபோது அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். எவரும் பாதியைத் தொடவில்லை. தேர்தல் ஆணைக்குழு இரண்டாம் கணக்கை அறிவித்தது. நாடெங்கும் நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் மறுபடியும் திறக்கப்பட்டன. முதலிருவருக்கிடையே இருந்த இடைவெளி 12 இலட்சத்து 71 ஆயிரம். கணக்கின்படி அந்த 33 இலட்சத்துக்குள் எதுவும் நடக்கலாம். ஆனால் அவற்றிலிருந்து அநுரவுக்குப் போய்ச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. நூற்றுக்கு எட்டுச் சீட்டுகளுக்குத்தான் இந்த இருவருக்கிடையே சொல்ல ஏதாவது இருந்தது. மற்றவை வெறுமையாக இருந்தன, அல்லது இருவரையும் தொடவில்லை.

யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177 வாக்குகள், தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 116,688, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. 1982 இல் நடந்த அதே பிரிவு. அரியநேத்திரனின் சீட்டுகளும் ரணிலின் சீட்டுகளும் சேர்ந்து இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் இரண்டாம் கணக்குக்குப் போயின. நாடு முழுவதிலும் கைமாறிய வாக்குகள் 273,131 என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் நம் கையில் என்ன இருந்தது என்று விளங்கும்.

பலர் 2 ஐ ஏன் எழுதவில்லை? மக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்குப் புள்ளடி. அதற்கும் விருப்பு வாக்கு என்றுதான் பெயர். ஆனால் அங்கே மூன்றும் சமம், வரிசை கிடையாது. 1989 முதல் பழகியது அது. உள்ளூராட்சித் தேர்தலிலோ இப்போது ஒரே ஒரு புள்ளடி. ஒரே வாக்காளரிடம் மூன்று தேர்தல்களுக்கு மூன்று விதமாக எழுதச் சொல்கிறோம். ஆணைக்குழு விளக்கப் பிரசுரங்கள் வெளியிட்டது உண்மை. கையில் பென்சிலைக் கொடுத்து மாதிரிச் சீட்டில் எழுதிப் பார்க்க வைக்கும் பயிற்சி ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் நடந்திருக்க வேண்டும்.

பெரிய பொறுப்பு கட்சிகளுடையது. தமிழரசுக் கட்சி சஜித்துக்கு வாக்களிக்கச் சொன்னது. பொதுவேட்பாளரின் அணி சங்குச் சின்னத்துக்குக் கேட்டது. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. இரண்டாம் விருப்பைப் பற்றி ஊன்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. சங்குக்கு 1 போட்டுவிட்டு 2 ஐ யாருக்கு, எந்த உறுதிமொழிக்குப் பதிலாகத் தருவது என்று பகிரங்கமாகப் பேரம் பேசியிருந்தால், தெற்கின் இரண்டு பெரிய வேட்பாளர்களும் நெடுந்தீவுக்குப் படகேறி வந்திருப்பார்கள். இரண்டாவது என்றால் கொள்கையில் நழுவல் என்று நம் மேடைகள் நெடுநாளாகப் பழக்கிவைத்திருக்கின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. 1 என்பது நாம் யார் என்று சொல்கிறது. 2 என்பது நாளை நம்மை ஆளப்போகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று சொல்கிறது. இரண்டையும் சொல்லச் சட்டம் இடம் தந்திருக்கையில் ஒன்றோடு வாயை மூடிக்கொள்வது யாருக்கு நன்மை?

இந்த எண்ணின் ஆயுளும் உறுதியில்லை. ஆளும் தேசிய மக்கள் சக்தி நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் புதிய அரசியலமைப்பு தருவதாக வாக்குறுதி கொடுத்திருக்கிறது. அது நடந்தால் நாடளாவிய ஜனாதிபதித் தேர்தலும் போகும், சீட்டிலிருந்து 2 உம் போகும். நிறைவேற்று அதிகாரம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குப் பதிலாக வரும் தேர்தல் முறை என்ன என்பதில்தான் கவலை. மாகாண சபைகளுக்கு 2017 இல் ஒரு கலப்பு முறையைச் சட்டமாக்கினார்கள். தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டு நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்தது. சீர்திருத்தத்தின் பெயரால் தேர்தலே நின்றுபோனது.

2016 இல் லால் விஜேநாயக்க தலைமையிலான குழு அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்காக மாவட்டம் மாவட்டமாகப் பொதுமக்களின் கருத்துக் கேட்டது. அப்படி இன்னொரு குழு அமையும்போது அது யாழ் நகரத்தோடு திரும்பிப் போகக் கூடாது. குறிகாட்டுவானில் படகேறி வந்து நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் உட்கார்ந்து, ஜே/1 இலிருந்து ஜே/6 வரை உள்ளவர்களிடம், 2 எழுதினீர்களா, எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை, இனி எப்படி வாக்களிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில்களைத் தமிழிலேயே பதிவுசெய்து, தீவின் பெயரோடு அறிக்கையில் சேர்க்க வேண்டும்.